இஸ்திரிப் பெட்டிக்குப் போன கரி

அந்த நாற்காலியைத் துடைத்துவிட்டு உட்காருங்கள். காலையில்தான் துடைத்தேன். இந்த ஊரில் துடைப்பதும் துடைக்காததும் ஒன்றுதான். சைனைடு மேட்டுப் பக்கமிருந்து காற்றடித்தால் டம்ளரில் ஊற்றிய பால்கூட அழுக்குத் தண்ணீராகிவிடும். பெங்களூரில் உங்களுக்கெல்லாம் இது தெரியாது. அங்கே தூசி என்றால் தூசி. இங்கே தூசி என்றால் கம்பெனி விட்டுப்போன சொத்து.

இவர் வர இன்னும் ஒரு மணி நேரமாவது ஆகும். சனிக்கிழமை அரைநாள்தான் வேலை, மத்தியான ரயிலில் வந்துவிடுவார். அதுவரை என்னிடம் பேசிக்கொண்டிருங்கள். காபி போட்டுக்கொண்டே பேசுகிறேன். சமையலறை இங்கேதான், காது கேட்கும்.

காலேஜிலிருந்து வந்திருக்கிறீர்கள், அவருடைய முறையைப் பற்றிக் கேட்க வேண்டும் என்கிறீர்கள். முறை! அந்தச் சொல்லை இந்த வீட்டில் யாரும் சொல்லி ஒரு வருடத்துக்கு மேல் ஆகிறது. கேட்க வேண்டியதை என்னிடமே கேளுங்கள். அவர் ஒரு வாக்கியத்தை ஆரம்பித்தால் முடிக்க மாட்டார். எனக்குக் கான்வென்டில் மதர் யூஃப்ரேசியா முதன்முதலில் சொல்லிக்கொடுத்ததே, பெர்னதெத், வாயைத் திறந்தால் முழு வாக்கியமாகப் பேசு என்பதுதான். நான் அப்படித்தான் பேசுவேன். அதனால்தான் இந்தத் தொழிலாளர் லைனில் என்னை யாருக்கும் பிடிக்காது.

சர்க்கரை எவ்வளவு? சரி, நான் போடுவதைக் குடியுங்கள்.

அந்த மேடு என்ன என்று உங்களுக்கே தெரிந்திருக்கும். கீழே சுரங்கத்தில் பாறையை உடைத்தார்கள், மேலே கொண்டுவந்து மாவாக அரைத்தார்கள், சைனைடு தண்ணீரில் ஊற வைத்துத் தங்கத்தைப் பிரித்தார்கள், சக்கையை வெளியே கொட்டினார்கள். நூறு வருடம் கொட்டினார்கள். அப்புறம் ஒருநாள் சுரங்கத்தை மூடிவிட்டுப் போனார்கள். தங்கம் எங்கெங்கோ போயிற்று, சக்கை எங்களுக்கு. இவர் கம்பெனி லேபில் உதவியாளர். மண்ணைச் சோதித்து இதில் இவ்வளவு இருக்கிறது, அதில் அவ்வளவு இருக்கிறது என்று சொல்கிற வேலை. மூடும்போது எங்கள் லினெட் கைக்குழந்தை. அதற்குப் பிறகு ஒரு ஸ்கூலில் லேப் அட்டெண்டர். பிள்ளைகள் உடைக்கிற டெஸ்ட் ட்யூபைப் பொறுக்கிக்கொண்டே ரிட்டயர் ஆகியிருக்கலாம். ஆகவில்லை. அவருக்கு அந்தச் சக்கையில் கண்.

இருக்கிறது, நான் இல்லை என்று சொல்லவில்லை. ஊருக்கே தெரியும். ஒரு லாரி மண்ணை அலசினால் ஒரு மெல்லிய மோதிரத்துக்கு வரும். எடுக்கிற செலவு மோதிரத்தைவிட அதிகம் என்றுதானே கம்பெனியே விட்டுப்போனது? கம்பெனிக்குத் தெரியாதது இவருக்குத் தெரியுமா? கேட்டால், "அவங்க பெரிசா பண்ணாங்க பெர்னி, சின்னதா பண்ணா..." என்பார். பண்ணினால் என்ன? அங்கேயே நின்றுவிடும் வாக்கியம்.

ஆனால் சங்கத்துக்காரர்கள் நம்பினார்கள். பழைய தொழிலாளர் கூட்டுறவுச் சங்கம். செயலாளர் சவரிராயன் பெங்களூருக்கு நடையாய் நடந்து, ஒரு அதிகாரியைப் பிடித்து, அவரும் சரி என்றுவிட்டார். எங்கள் லைனுக்குப் பின்னால் இருக்கிற சின்ன மேட்டை வெளி காண்ட்ராக்டருக்கு விடாமல் சங்கத்துக்கே கொடுக்கச் சிபாரிசு செய்கிறேன், ஆனால் விஷம் இல்லாமல், குறைந்த செலவில், உங்கள் ஆட்களால் தங்கம் எடுக்க முடியும் என்று என் கண்முன்னால் காட்டுங்கள் என்றார். காட்டினால் இங்கேயே வேலை. இந்த லைனில் பாதி ஆம்பளைகள் விடிவதற்கு முன்னால் எழுந்து ரயிலேறி, பெங்களூரில் செக்யூரிட்டி வேலை பார்த்துவிட்டு, பிள்ளைகள் தூங்கினபிறகு வீடு திரும்புகிறவர்கள். அவர்களுக்கு அது எவ்வளவு பெரிய ஆசை என்று எனக்கும் தெரியும். நான் கல் இல்லை.

எடுத்துக் காட்ட யார்? இன்னாசி சார். வேறு யார் இருக்கிறார்கள் ஏமாளி?

எங்கே? என் தோட்டத்தில்.

அந்தப் பக்கம் பாருங்கள், துணி காயப்போட்டிருக்கிறேனே, அங்கே ரோஜா வைத்திருந்தேன். பிடுங்கிவிட்டு நீலத் தார்ப்பாய் விரித்தார். டிராக்டரில் மேட்டு மண் வந்து இறங்கியது. அந்த மண் முகப்பவுடர் மாதிரி, தண்ணீர் ஊற்றினால் சேறாகி அப்படியே நின்றுவிடும், உள்ளே இறங்காது. அதனால் சுண்ணாம்பும் கொஞ்சம் சிமெண்டும் போட்டுப் பிசைந்து உருண்டை பிடிக்க வேண்டுமாம். பிடித்தார்! டிரம்மில் போட்டு உருட்டினார், கையால் உருட்டினார், ஸ்கூல் விட்டு வந்து இருட்டும்வரை உருட்டினார். களி உருண்டை பிடிப்பது போல. நான் ஒருநாள், "ராத்திரிக்கு இதையே சாப்பிடுங்க, நான் தனியா எதுக்குக் கிண்டணும்" என்று கேட்டேன். சிரிக்கிறார். அவருக்கு என் பேச்சில் எது குத்தல் என்பதே தெரியாது.

உருண்டைகளைக் குவித்து, மேலே ஆஸ்பத்திரியில் குளுகோஸ் ஏற்றுகிற குழாய்களைக் கட்டினார். அதில் சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். சைனைடு இல்லை, ஏதோ ஒரு வெள்ளைப் பொடி. மாத்திரைக் கம்பெனிகளில் புழங்குகிற சரக்கு. விஷம் இல்லை என்று எனக்கு நிரூபிக்க விரலில் தொட்டு நக்கிக் காட்டினார். "இனிக்குது பெர்னி, நீயும் பாரு." எனக்கு வந்த கோபம்! கட்டின பெண்டாட்டியைக் கூப்பிட்டு மருந்துப்பொடியை நக்கச் சொல்கிற ஆளை நீங்கள் எங்கேயாவது பார்த்திருக்கிறீர்களா?

தண்ணீர் கீழே வடிந்து பக்கெட்டில் சேரும். வருகிற வழியில் தேங்காய்த் தொட்டிக் கரி. அதை என் கொசுவலையைக் கிழித்துப் பையாகத் தைத்துக் கட்டியிருந்தார். நல்ல கொசுவலை. தண்ணீரில் கரைந்து வருகிற தங்கம் கரியில் ஒட்டிக்கொள்ளுமாம். பக்கெட் நிறைந்தால் மறுபடி மேலே ஊற்ற வேண்டும். கிறிஸ்துமஸ் முடிந்து ஆரம்பித்தது, தபசு காலம் முழுக்க ஊற்றினார், ஈஸ்டருக்குப் புதுச்சட்டை போட்டுக்கொண்டும் ஊற்றினார். லினெட் ஒயிட்ஃபீல்டில் வீடு எடுத்து, "வந்துடுங்கம்மா, அந்தத் தூசியில எதுக்கு" என்று கூப்பிட்டுக்கொண்டே இருக்கிறாள். இவர், "இது முடியட்டும்." எல்லாவற்றுக்கும் அதே பதில்தான். இது முடியட்டும்.

மே மாதத்தில் முடிந்தது. கரியை எடுத்துக் கழுவி, பின்கட்டில் முறத்தில் பரப்பிக் காய வைத்தார். "இதுதான் எல்லாம், பெர்னி" என்றார்.

கவனித்தீர்களா? இதுதான் எல்லாம். அது ஒரு வாக்கியமா? இதைத் தொடாதே, இதை யாருக்கும் கொடுக்காதே, இதில்தான் தங்கம் ஏறியிருக்கிறது என்று முழுதாகச் சொன்னால் என்ன? அன்றைக்கு அதைச் சொல்லியிருந்தால் இன்றைக்கு நீங்கள் இங்கே உட்கார்ந்து என்னை அப்படிப் பார்க்க வேண்டியிருக்காது.

பார்க்கிறீர்கள். பரவாயில்லை. காபியைக் குடியுங்கள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை எங்கள் பங்குத் திருவிழா. ஆயர் வருகிறார். பீடத்துணி என் பொறுப்பு, கல்யாணமாகி வந்ததிலிருந்து என் பொறுப்பு. இந்த லைனில் வேறு யாருக்கும் லினன் துணிக்குக் கஞ்சி போடத் தெரியாது. நான் சிஸ்டர்களிடம் கற்றுக்கொண்டவள். அது கரண்ட் பெட்டியில் படியாது, கரிப்பெட்டியின் கனம் வேண்டும். அன்றைக்குக் கரண்டும் இல்லை, வெள்ளிக்கிழமை அடித்த கோடை மழையில் போயிருந்தது. சனிக்கிழமை காலையில் துணியை எடுத்துக்கொண்டு முனையில் இருக்கிற இஸ்திரி வண்டிக்குப் போகிறேன், வெங்கட்ராமப்பா கையை விரிக்கிறான்.

"கரி லேதும்மா. மூட்டை பூரா நனைஞ்சிபோச்சி. திங்கக்கிழமை தான்."

திங்கட்கிழமை! ஆயர் திங்கட்கிழமையா பூசை வைக்கப்போகிறார்? வீட்டுக்கு வந்தேன். பின்கட்டில் முறம் நிறையக் கரி. கழுவின கரி, காய்ந்த கரி, தட்டினால் கணீரென்று சத்தம் கேட்கிற தொட்டிக் கரி. இவர் சங்கத்துக்குப் போயிருந்தார். நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்? நான் அப்படியே முறத்தோடு தூக்கிக்கொண்டு போய்க் கொடுத்தேன். கர்த்தருடைய பீடத்துக்குத்தானே கொடுத்தேன்? என் புடவையை மடிப்பு வைக்கவா கொடுத்தேன்?

துணி எப்படி வந்தது தெரியுமா! காகிதம் மாதிரி நின்றது.

சாயங்காலம் இவர் வந்தார். பாட்டுப் பாடிக்கொண்டு வந்தார். அதற்குமுன் அவர் பாடி நான் கேட்டதில்லை. திங்கட்கிழமை அதிகாரி வருகிறார், நாளைக்குக் கரியை எரித்து, சாம்பலில் வெங்காரம் போட்டு உருக்கினால் மிளகு அளவு தங்கம் திரளும், அதைக் காட்டினால் போதும் என்று சவரிராயனிடம் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். நேரே பின்கட்டுக்குப் போனார். பாட்டு நின்றது.

"பெர்னி, கரி எங்க?"

"வெங்கட்ராமப்பாகிட்ட குடுத்தேன். பீடத்துணிக்குப் பெட்டி போடணும்ல?"

துணி துவைக்கிற கல்லில் உட்கார்ந்துவிட்டார். திட்டுவார் என்று நானும் பதில் தயாராக வைத்திருந்தேன். திட்டவில்லை. என்ன கேட்டார் தெரியுமா?

"சாம்பலை எங்க கொட்டுவான்?"

எனக்குப் புரியவில்லை. "கரி எரிஞ்சாலும் அது எரியாது பெர்னி. சாம்பல்ல இருக்கும்" என்றபடியே எழுந்து ஓடினார். என்னுடைய கேக் தட்டு, பெயிண்ட் அடிக்கிற பிரஷ், இரண்டையும் எடுத்துக்கொண்டு.

இதைக் கேளுங்கள். எரிக்கத்தான் போகிறேன் என்று அவரே சொல்கிறார். வெங்கட்ராமப்பாவும் எரிக்கத்தான் செய்தான். அப்படியானால் நான் செய்த தப்பு என்ன? யாராவது எனக்கு விளக்கிச் சொல்லட்டும்.

நான் பின்னாலேயே போனேன். முனையில், சாக்கடை ஓரமாக, வெங்கட்ராமப்பா பெட்டியைத் தட்டுகிற இடத்தில் முழங்காலிட்டு உட்கார்ந்து பிரஷால் சாம்பலைக் கூட்டிக்கொண்டிருக்கிறார். ஸ்கூலில் பிள்ளைகள் எல்லாம் சார் என்று கூப்பிடுகிற மனிதர். முந்தின நாள் மழையில் மண் ஈரமாக இருந்ததால் சாம்பல் பறக்காமல் கிடந்தது. வெங்கட்ராமப்பா வேறு, "பெட்டியிலயும் கொஞ்சம் கீது சார், இந்தா" என்று தட்டிக் கொடுக்கிறான். தட்டு பாதிக்குமேல் சேர்ந்துவிட்டது. அதே நேரம் பார்த்து, சர்ச்சுக்குத் தோரணம் கட்டிவிட்டு எல்லாரும் அந்த வழியாக வருகிறார்கள். என் பக்கத்து வீட்டு ட்ரீசா இருக்கிறாளே, அவளுக்கு வாய் சும்மா இருக்குமா?

"இன்னா சார், சாம்பல் புதன் முடிஞ்சி எம்மாம் நாளாச்சி! இப்பத்தான் நெத்திக்குப் பூசிக்கலாம்னு கீறீங்களா?"

கொல்லென்று சிரிப்பு. பீடச்சிறுவர்கள்கூடச் சிரித்தார்கள். இவரும் தலையைத் தூக்கிச் சிரித்துவிட்டு மறுபடி குனிகிறார்! ரோஷம் என்பது ஒரு துளி வேண்டாமா? நாளைக்கு அதே கூட்டத்துக்கு முன்னால்தானே நான் பீடத்துணியை விரிக்க வேண்டும்?

"எழுந்திரிங்க" என்றேன்.

"ரெண்டே நிமிஷம் பெர்னி. கிடைச்சிரும். இதுலயே பாதிக்கு மேல..."

"எழுந்திரிங்கன்றேன்ல? என் மானத்த வாங்குறதுக்குன்னே பொறந்தீங்களா?"

எழுந்திருக்கவில்லை. கையிலிருந்த தட்டைப் பிடுங்கினேன். சாக்கடையில் கொட்டினேன். மழைத்தண்ணீர் நன்றாக ஓடிக்கொண்டிருந்தது.

வேறு எந்தப் பெண்ணாக இருந்தாலும் அதைத்தான் செய்திருப்பாள். நீங்கள் கல்யாணம் ஆகாதவர் போல இருக்கிறீர்கள், உங்களுக்குப் புரியாது.

அவர் சாக்கடையையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்புறம் முழங்காலைத் தட்டிக்கொண்டு எழுந்தார். ட்ரீசாகூட அப்போது சிரிக்கவில்லை. "வா, போலாம்" என்றார். மறுநாள் பூசையில் ஆயர் அந்தத் துணியைத் தொட்டுப் பார்த்து, யார் கஞ்சி போட்டது என்று கேட்டார். அதை இவரிடம் சொன்னேன். "நல்லாருந்துச்சி பெர்னி" என்றார்.

திங்கட்கிழமை சங்கக் கட்டடத்தில் நானும் இருந்தேன். பெண்களெல்லாம் பின்னால் டீ ஊற்றிக்கொண்டிருந்தோம். அதிகாரி நல்ல மாதிரிதான். "எங்கே, பார்க்கலாமா?" என்று கையை நீட்டினார். இவர் எழுந்து நின்றார். என் பெயரைச் சொல்லப்போகிறார், அத்தனை பேரும் என் பக்கம் திரும்பப்போகிறார்கள் என்று நினைத்தேன்.

"வரலைங்க சார்" என்றார்.

சவரிராயன் பாய்ந்து எழுந்தான். "இன்னா இன்னாசி சொல்ற? சனிக்கிழமை கரியில ஏறிடுச்சின்னியே!"

"தப்பா பாத்துட்டேன். என் முறையில இந்த மண்ணுல எடுக்க முடியாது."

முழு வாக்கியம். வாழ்க்கையில் முதல்முறையாக.

கேட்டீர்களா? அவர் வாயாலேயே சொன்னார். முறை தப்பு, மண் சரியில்லை. இதற்குமேல் சாட்சி வேண்டுமா? நான் கரியைக் கொடுக்காமல் இருந்திருந்தாலும் ஒன்றும் வந்திருக்காது. அவரே ஒப்புக்கொண்ட பிறகு நான் எதற்கு நடுவில் எழுந்து பேச வேண்டும்? நான் டீ ஊற்றினேன்.

அப்புறம் என்ன, சின்ன மேடு வெளி ஆளுக்குப் போயிற்று. முள்கம்பி வேலி போட்டிருக்கிறான், வரும்போது பார்த்திருப்பீர்கள். சங்கம் கலைந்த மாதிரிதான். "எங்க சோத்துல மண்ணைப் போட்டான்" என்று இவர் காதுபடவே சொல்கிறார்கள். யார் சொன்னாலும் இவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டுக்கொள்கிறார். ஸ்கூலையும் விட்டுவிட்டார், பிள்ளைகள் "தங்கம் சார்" என்று கூப்பிட ஆரம்பித்ததும். இப்போது பெங்களூரில் ஒரு அபார்ட்மெண்டில், கழிவுத்தண்ணீரைச் சுத்தம் பண்ணுகிற இடத்தில் வேலை. மற்ற ஆம்பளைகளோடு அதே விடியற்கால ரயில். லினெட் வீட்டுக்குப் பக்கம்தானே, அங்கேயே இருந்துவிடலாமே என்றால் மாட்டேன் என்கிறார். ஏன் என்று சொல்வதில்லை. என்மேல் கோபம் எல்லாம் கிடையாது. எப்படி இருக்கும்? தப்பு அவருடையது. போட்டதைச் சாப்பிடுகிறார், போதுமா என்றால் போதும் என்கிறார். உப்பில்லாமல் போட்டாலும் போதும் என்கிறார். ஒருநாள் வேண்டுமென்றே உப்புப் போடாமல் வைத்துப் பார்த்தேன்.

இப்போது சொல்லுங்கள், உங்களுக்கு என்ன வேண்டும்? அந்தப் பையில் என்ன?

என்ன சொன்னீர்கள்? மெதுவாகச் சொல்லுங்கள்.

சோதித்துப் பார்க்கச் சொல்லி உங்கள் காலேஜுக்கு இவர் முன்னமே ஒரு பிடி கரி கொடுத்தனுப்பியிருந்தாரா? எப்போது? ஈஸ்டருக்கு முன்னாலா? உங்கள் பேராசிரியர் ரிட்டயர் ஆகி, அலமாரியைக் காலி பண்ணும்போது கிடைத்ததா? அதை நீங்கள் எரித்துப் பார்த்தீர்களா?

இருந்ததா?

நன்றாகவே இருந்ததா.

சரி. இருக்கட்டுமே. ஒரு பிடியில் இருந்தால் ஒரு முறத்தில் இருக்கும் என்று யார் சொன்னது? உங்கள் மெஷின் தப்பாகக் காட்டியிருக்கும். அவரே வரவில்லை என்கிறார். அவருக்குத் தெரியாததா உங்களுக்குத் தெரிந்துவிட்டது?

அவரை அழைத்துப்போய் உங்கள் லேபில் வைத்து மறுபடி செய்யச் சொல்லப்போகிறீர்களா? வேறு ஒரு ஊரில் இதே மாதிரி மேடு இருக்கிறதா? அவர் பெயரையே போட்டு எழுதப்போகிறீர்களா? அதிகாரிக்கும் ஒரு பிரதி போகுமா?

வேண்டாம்மா.

நான் சொல்வதைக் கேளுங்கள். அந்த மனிதர் இன்னொரு தடவை ஒரு கூட்டத்தில் எழுந்து நின்று வரவில்லை என்று சொல்வதை என்னால் பார்க்க முடியாது. வந்துவிட்டால்? வந்துவிட்டால் இன்னும் மோசம். அப்படியானால் அன்றைக்குக் கரி எங்கே போயிற்று என்று சவரிராயன் கேட்பான் இல்லையா? ட்ரீசா பதில் சொல்வாள் இல்லையா? இந்த லைனில் நான் நடக்க வேண்டாமா? பீடத்துணியை யாரிடம் கொடுப்பார்கள்? இதெல்லாம் உங்களுக்கு ஒரு பேப்பர் எழுதுகிற விஷயம். நீங்கள் எழுதிவிட்டுப் போய்விடுவீர்கள்.

அவருக்கு இப்போது மனம் ஆறிப்போயிருக்கிறது. எதுவும் எதிர்பார்ப்பதில்லை. நிம்மதியாக இருக்கிறார். அதைக் கெடுக்காதீர்கள்.

காபி போதுமா? ரயில் ஊதுகிறது, கேட்கிறதா? அதுதான் அவருடைய ரயில். ஆனால் அவர் அதில் வரமாட்டார். சனிக்கிழமைகளில் சமயத்தில் நேரே லினெட் வீட்டுக்குப் போய்விடுவார், இப்போதுதான் ஞாபகம் வந்தது. நீங்கள் கிளம்புங்கள். உங்கள் பெயரெல்லாம் வேண்டாம், தெரிந்தால் என்றைக்காவது வாய் தவறிச் சொல்லிவிடுவேன். பையை எடுத்துக்கொள்ளுங்கள். இடது பக்கம் ஸ்டேஷன் ரோடு, அதில் போகாதீர்கள். அங்கே தூசி. ரயில் இறங்கினவர்கள் எல்லாரும் எதிரே வருவார்கள். இப்படி வலது பக்கம், சர்ச் வழியாகப் போங்கள். ஆட்டோ கிடைக்கும். கொஞ்சம் சுற்று, அவ்வளவுதான். சீக்கிரம் போங்கள்.